நான்கு வாக்கும் ஒரு வாக்கும்

மைசூருக்கு உறவினர் யாராவது வந்தால் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைத்துப்போவது இங்கே குடியிருப்பவர்களின் கடமைகளில் ஒன்று. ரங்கநாதர் கோயில், தரியா தௌலத் மாளிகை, கும்பஸ், காவிரி கூடும் சங்கமம் என்று அரை நாளில் முடிந்துவிடும் சுற்று. பல தடவை அப்படிப் போய்வந்த பிறகுதான் கும்பஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நினைவிடத்தின் முன்னால் நின்றேன். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அடங்கிய இடத்துக்கு அருகிலேயே, அவர்களிடம் தோற்றுச் சிறைப்பட்டு இறந்துபோன ஒருவருக்கான நினைவிடம் அது. பெயர் கர்னல் வில்லியம் பெய்லி. 1780 செப்டம்பர் 10 அன்று சரணடைந்தார், 1782 நவம்பர் 13 அன்று இந்தக் கோட்டையில் இறந்தார், லக்னோ அரசவையில் ரெசிடெண்டாக இருந்த ஜான் பெய்லி 1816இல் இதை எழுப்பினார் என்று கல்லில் எழுதியிருக்கிறது. ஜான், வில்லியமுக்கு மகன் முறை.

இந்த ஜான் பெய்லி யார் என்று தேடிப்போனதில்தான் ஒரு ஸ்காட்லாந்துத் தொகுதி என் கைக்குக் கிடைத்தது. கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் அரபு கற்பித்தவர், அவத் நவாபின் அவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கண்ணாக இருந்தவர், ஊர் திரும்பியபின் கம்பெனி இயக்குநர்களில் ஒருவரானவர். 1830இலும் பிறகு 1832இலும் இன்வெர்னஸ் நகரங்கள் என்ற தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தத் தொகுதி 1918இல் கலைக்கப்பட்டது. இன்று வரைபடத்தில் இல்லை. ஆனால் அதன் உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தபோது, மைசூரின் கதையையும் தமிழ்நாட்டின் கதையையும் யாரோ வேறு பக்கத்திலிருந்து எழுதிவைத்த மாதிரி இருந்தது.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1707இல் ஒன்றானபோது ஸ்காட்லாந்துக்கு மக்களவையில் 45 இடங்கள் கிடைத்தன. முப்பது மாவட்டங்களுக்கு, பதினைந்து நகரங்களுக்கு. எடின்பரோவுக்கு மட்டும் தனி இடம். மற்ற பட்டய நகரங்களையெல்லாம் நான்கும் ஐந்துமாகக் கட்டிப் பதினான்கு தொகுதிகளாக்கினார்கள். அந்தக் கட்டுகளில் ஒன்றுதான் இன்வெர்னஸ், ஃபோர்ட்ரோஸ், ஃபாரெஸ், நேர்ன் என்ற நான்கு வடக்கு ஊர்கள். இந்த நான்கு ஊர் மக்களும் வாக்களித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஊரின் நகரமன்றமும் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும். அந்த நகரமன்றமே மக்கள் தேர்ந்தெடுத்ததில்லை. பழைய மன்றம் புதிய மன்றத்தை நியமிக்கும். நான்கு பிரதிநிதிகளும் முறைவைத்து ஓர் ஊரில் கூடுவார்கள். இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றால், கூட்டம் நடக்கும் ஊரின் பிரதிநிதிக்கு இன்னொரு வாக்கு உண்டு. மொத்தம் நான்கு வாக்கில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். 1832இல் சீர்திருத்தச் சட்டம் வருகிற வரையில் ஸ்காட்லாந்து முழுவதிலும் வாக்குரிமை இருந்தவர்கள் ஏறக்குறைய 4500 பேர்தான்.

இப்படி நான்கு வாக்கில் 1768 முதல் 1802 வரை முப்பத்துநான்கு ஆண்டுகள் தொடர்ந்து அந்த இடத்தை வைத்திருந்தவர் ஹெக்டர் மன்ரோ. தமிழ்நாட்டு வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். 1764இல் பக்சார் போரில் வென்றவர். அதற்குச் சற்று முன்பு, கலகம் செய்த சிப்பாய்களில் இருபது பேருக்கு மேல் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கச் செய்தவர். வங்காளத்தில் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பி நோவார் பண்ணையை விரிவுபடுத்தி நாடாளுமன்ற உறுப்பினரானார். 1778இல் சென்னைப் படையின் தளபதியாக மறுபடி கப்பலேறினார், உறுப்பினர் பதவியை விடாமலே.

1780 ஜூலையில் ஹைதர் அலி மலையிறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் வந்தார். மன்ரோ சென்னையிலிருந்து புறப்பட்டுக் காஞ்சிபுரத்தில் முகாமிட்டார். குண்டூர்ப் பக்கமிருந்து வந்த வில்லியம் பெய்லியின் படை அங்கே வந்து அவரோடு சேர வேண்டும் என்பது திட்டம். கொசத்தலையாற்றில் வெள்ளம். பெய்லி பல நாள் கரையிலேயே காத்துக்கிடந்தார். ஆற்றைக் கடந்து வந்தவரைப் பேரம்பாக்கத்தில் திப்பு மறித்தார். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் தந்தையும் மகனுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் பாய்ந்தன, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, ஏறக்குறைய 3800 பேர் கொண்ட படை அந்தக் காலையிலேயே அழிந்தது. இத்தனையும் மன்ரோவின் முகாமிலிருந்து ஒரு நடைதூரத்தில். பீரங்கிச் சத்தம் கேட்டும் அவர் நேரத்துக்குப் போய்ச்சேரவில்லை. செய்தி வந்ததும் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

புள்ளலூர் நமக்குப் புதிய ஊரில்லை. மகேந்திரவர்ம பல்லவன் தன் எதிரிகளை அங்கே வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்து அதே வயல்வெளியில் மைசூர்க்காரரும் இன்வெர்னஸ்காரரும் மோதிக்கொண்டார்கள். பெய்லி, இன்வெர்னஸுக்கு அருகே டுனெய்ன் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். மன்ரோவின் தொகுதிப் பக்கத்துக்காரர். தரியா தௌலத் சுவரில் திப்பு வரையச் சொன்ன ஓவியத்தில் அவரை இப்போதும் பார்க்கலாம்: உடைந்துகொண்டிருக்கும் சதுர அணிவகுப்பின் நடுவே, பல்லக்கில், விரலை வாயில் வைத்தபடி. எத்தனையோ தடவை அந்தச் சுவரைக் கடந்துபோயிருக்கிறேன். அந்த விரலைக் கவனித்தது, அவர் யாருக்காகக் காத்திருந்தார் என்று தெரிந்த பிறகுதான்.

அதே செப்டம்பரிலும் அக்டோபரிலும் பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்தது. இன்வெர்னஸ் நகரங்கள் தொகுதியில் மறுபடியும் ஹெக்டர் மன்ரோவே தேர்ந்தெடுக்கப்பட்டார். பெய்லியின் தோல்விச் செய்தி கப்பலேறி அங்கே போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். ஏழு கடலுக்கு அப்பால் பின்வாங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரை, அங்கே நான்கு பேர் ஓர் அறையில் கூடித் தங்கள் குரலாகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே அந்தத் தொகுதியின் வரலாறு எழுதப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறு ஆண்டு நவம்பரில் மன்ரோ டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பியதும் தன் பண்ணைக்கு மேலே ஃபைரிஷ் குன்றின் உச்சியில் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் கல் வளைவுகளை எழுப்பினார். வேலையில்லாமல் வாடிய சுற்றுவட்டார மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காகக் கட்டியது என்பார்கள். கூலி நாட்கள் கூடட்டும் என்று உருட்டி ஏற்றிய கற்களை அவரே திரும்பக் கீழே உருட்டிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, வளைவுகள் இன்றும் நிற்கின்றன. வட ஸ்காட்லாந்தில் நடைபோகிறவர்கள் மூச்சிரைக்க ஏறி, நாகப்பட்டினத்தின் நகலுக்கு நடுவே நின்று கடலைப் பார்க்கிறார்கள்.

அவருடைய மகன் ஒருவர் 1792இல் வங்காளத்தின் சாகர் தீவில் புலி அடித்து இறந்தார். வெள்ளைக்காரன் மேல் பாய்ந்து நிற்கும் மரப்புலி ஒன்று திப்புவின் அரண்மனையில் இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அதை லண்டனுக்கு எடுத்துப்போனார்கள், இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பொம்மைக்கும் மன்ரோ மகனின் சாவுக்கும் தொடர்பு சொல்லும் ஆய்வாளர்கள் பலர். ஒரு தொகுதியின் கதை இப்படியெல்லாம் கிளைபிரியும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

மன்ரோவுக்குப் பிறகும் அந்த இடம் இந்தியாவை விடவில்லை. 1811 முதல் 1818 வரை அங்கே உறுப்பினராக இருந்தவர் சார்ல்ஸ் கிராண்ட். கல்கத்தாவின் கிதிர்ப்பூரில் பிறந்தவர், அப்பா கம்பெனியின் தலைவராக இருந்தவர். பக்கத்துத் தொகுதிக்கு மாறிய சார்ல்ஸ், 1830இல் இந்திய விவகாரங்களைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவரானார். அவர் அந்தப் பொறுப்பில் இருந்த 1831இல்தான் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க், மும்முடி கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து மைசூர் நிர்வாகத்தைப் பறித்தார். அதற்குப்பின் ஐம்பது ஆண்டுகள் மைசூரை ஆண்டவர்கள் ஆங்கிலக் கமிஷனர்கள். கம்பெனியின் ஆட்சியை இருபது ஆண்டுகளுக்கு நீட்டிய 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தையும் மக்களவையில் கொண்டுவந்தவர் அதே சார்ல்ஸ் கிராண்ட். தம்பி ராபர்ட் கிராண்ட் 1826 முதல் 1830 வரை இன்வெர்னஸ் நகரங்களின் உறுப்பினர், பிறகு பம்பாய் கவர்னர். மும்பை கிராண்ட் மருத்துவக் கல்லூரி அவர் பெயரில் இருக்கிறது. அவருக்கு அடுத்து வந்தவர்தான் நம் ஜான் பெய்லி, ஸ்ரீரங்கப்பட்டணத்து நினைவிடத்தை எழுப்பியவர். 1847 முதல் இருபத்தொரு ஆண்டுகள் அலெக்சாண்டர் மாதேசன், இந்திய அபினியைச் சீனத்தில் விற்ற ஜார்டின் மாதேசன் கம்பெனியின் பங்குதாரர்.

இந்தப் பட்டியலை முடிக்குமுன் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். சார்ல்ஸ் ஃபிரேசர் மாக்கின்டாஷ், 1874 முதல் 1885 வரை. அதற்குள் நான்கு வாக்குக் காலம் முடிந்து, வரி கட்டும் வீட்டுக்காரர்கள் வாக்களிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் கேலிக் மொழி பேசியவர், பள்ளிகளில் அந்த மொழிக்கு இடம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதாடியவர். மலைநாட்டுக் குடியானவர்களைப் பண்ணையார்கள் ஆட்டுமந்தைகளுக்காக நிலத்தைவிட்டு விரட்டிய கொடுமையை விசாரிக்க 1883இல் ஒரு குழு அமைந்தபோது, அதில் உறுப்பினரானார். குழுவின் தலைவர் யார் தெரியுமா? நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர், கூவம் கடலில் கலக்கும் இடத்தில் நேப்பியர் பாலத்துக்குப் பெயர் தந்தவர். ஊர் ஊராகப் போய்க் குத்தகைக் குடிகளை நேரில் உட்காரவைத்து அவர்கள் வாயாலேயே குறை கேட்டுப் பதிந்த குழு அது. அதன் விளைவாக 1886இல் குடியானவர்களுக்கு நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை சட்டமாயிற்று. இருநூற்றுப் பத்து ஆண்டு வரலாற்றில் அந்தத் தொகுதி தன் மண்ணின் குரலாகப் பேசிய காலம் என்று நான் இந்தப் பதினோரு ஆண்டுகளைத்தான் எண்ணுவேன்.

கடைசி உறுப்பினர் ஜான் அன்னன் பிரைஸும் கிழக்கிந்திய வணிகர்தான், பர்மாவின் சட்டசபையில் இருந்தவர். 1918இல் தொகுதிகளைத் திருத்தியபோது நான்கு ஊர்களும் பிரிந்தன. இன்வெர்னஸ் தன் மாவட்டத்தோடு, ஃபோர்ட்ரோஸ் ராஸ் குரோமார்ட்டியோடு, ஃபாரெஸும் நேர்னும் மரே நேர்னோடு. அவ்வளவுதான், முடிந்தது.

மைசூரில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் ஏன் கிளறுகிறேன் என்று ஒரு நண்பர் கேட்டார். என் பதில் இது. அந்தக் காலத்தில் மைசூரின் விதியை நிர்ணயித்தவர்களில் சிலர் அந்த நான்கு ஊர்களின் பெயரால் லண்டனில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பதில் இங்கே ஒருவருக்கும் பங்கில்லை. இன்வெர்னஸ் தெருவில் மீன் விற்றவளுக்கும் பங்கில்லை, புள்ளலூரில் வயல் எரிந்துபோன குடியானவனுக்கும் பங்கில்லை. அவர்கள் இருவரையும் ஒரே வாக்கியத்தில் எழுதலாம் என்பதை அந்தத் தொகுதிதான் எனக்குக் காட்டியது.

மைசூருக்குச் சொந்தமாக ஒரு சபை வந்தது 1881இல். ஆங்கிலேயர் ஆட்சியை உடையார் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்த அதே ஆண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த திவான் ரங்காசார்லு, தசரா சமயத்தில் பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். தாலுகாவுக்கு ஓரிருவராக நிலமுள்ள குடியானவர்களும் சில வணிகர்களுமாக 144 பேர். வாக்குப் போட்டு வந்தவர்கள் இல்லை, சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரமும் இல்லை. அரசு செய்ததைக் கேட்டுக் குறை சொல்லலாம், அவ்வளவே. இருந்தும் அன்றைய இந்திய சமஸ்தானங்களில் அப்படி ஒன்று வேறெங்கும் இல்லை. ரங்காசார்லு அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே இறந்துபோனார். மைசூரின் டவுன் ஹால் அவர் நினைவாகக் கட்டியதுதான். அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம், நிலமோ வணிகமோ இல்லாதவன் அந்த 144இல் ஒருவனாக இருக்க முடியாது என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.

வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பும் காலத்துக்கு வந்தால், இங்கிருந்து தென்கிழக்கே, நரசீபுரத்துக்கு அப்பால், சந்தேமரஹள்ளி இருக்கிறது. பெயரிலேயே சந்தை இருக்கும் ஊர். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகிற வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 2008 வரை சட்டமன்றத் தொகுதி, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பிறகு கேரள ஆளுநராக இருந்த பி.ராச்சையா இந்தத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போனவர். 2004 தேர்தலில் அவருடைய மகன் ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்தி ஜனதா தளத்தில் நின்றார். எதிரே காங்கிரசின் ஆர்.துருவநாராயணா. எண்ணி முடித்தபோது கிருஷ்ணமூர்த்திக்கு 40,751 வாக்குகள், துருவநாராயணாவுக்கு 40,752. கர்நாடகத்தில் அதற்கு முன் சட்டமன்றத் தேர்தல் ஒன்று ஒரே வாக்கில் முடிந்ததில்லை. கிருஷ்ணமூர்த்தியின் வாகன ஓட்டுநர் அன்று வேலையில் இருந்ததால் வாக்களிக்கப் போகவில்லை என்ற பேச்சு இன்னும் இந்தப் பக்கத்தில் ஓய்ந்தபாடில்லை.

ஒரு வாக்கு என்றால் என்ன என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்க இந்த இரண்டு எண்கள் போதும். துருவநாராயணாவுக்கு வாக்களித்த 40,752 பேரில் ஒவ்வொருவரும் அந்த வாக்கு என்னுடையது என்று சொல்லலாம், எவரும் மறுக்க முடியாது. சந்தையில் கூடை வைத்து விற்பவர், கரும்பு வெட்டப் போகிறவர், படிக்கத் தெரியாமல் சின்னம் பார்த்துப் பொத்தானை அமுக்கியவர், எல்லாருக்கும் அந்த ஒன்று சொந்தம். இன்வெர்னஸின் நான்கு வாக்குக்கும் சந்தேமரஹள்ளியின் ஒரு வாக்குக்கும் நடுவில் இருநூறு ஆண்டும் பெரும் போராட்டங்களும் கிடக்கின்றன.

அந்தத் தொகுதியும் இன்று இல்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதிகளை மறுவரையறை செய்தது. 2008 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது, மே மாதம் கர்நாடகம்தான் புதிய எல்லைகளில் முதலில் தேர்தலைச் சந்தித்தது. சந்தேமரஹள்ளியும் மைசூர் மாவட்டத்துப் பன்னூரும் பட்டியலிலிருந்து மறைந்தன, மக்களவையில் கனகபுரா மறைந்தது. சந்தேமரஹள்ளி இப்போது கொள்ளேகால் தொகுதியில். அந்த 2004இன் இருவரில் துருவநாராயணா கொள்ளேகால் சட்டமன்ற உறுப்பினராகி, சாமராஜநகரிலிருந்து இருமுறை மக்களவைக்குப் போய், 2019இல் 1,817 வாக்கில் தோற்று, 2023 மார்ச்சில் மைசூரில் காலமானார். இரண்டு மாதம் கழித்து அதே காங்கிரசின் வேட்பாளராகக் கொள்ளேகாலில் நின்ற கிருஷ்ணமூர்த்தி ஐம்பதாயிரத்துக்கு மேல் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

கன்னடத்தில் தொகுதியை 'க்ஷேத்ர' என்பார்கள். 'நம்ம க்ஷேத்ர' என்று ஒரு பெரியவர் டீக்கடையில் சொல்லும்போது அது கோயிலூரைச் சொல்வதுபோல் ஒலிக்கும். தமிழில் நாம் சொல்லும் 'தொகுதி', தொகுத்தது என்ற பொருளில் வருகிறது. ஒன்றில் மண், இன்னொன்றில் கட்டு. இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. கட்டை அவிழ்த்து வேறுவிதமாகக் கட்டுகிறவர்கள் கணக்கைப் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது மண்.

புதுக்கோட்டைக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். 1951 முதல் இருந்த மக்களவைத் தொகுதி அதே மறுவரையறையில் போயிற்று. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் திருச்சி, கரூர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று நான்கு திசைக்குப் பிரிந்தன. ஒரு காலத்தில் தனி சமஸ்தானமாகத் தனக்கென்று காசு அடித்த ஊர், நாடாளுமன்றத்தில் தன் பெயரைச் சொல்ல ஓர் இடம் இல்லாமல் போனது. 2009 தேர்தலில் ஆயிரக்கணக்கானோர் வாக்குச்சாவடிக்குப் போய், யாருக்கும் வாக்கில்லை என்று 49-ஓ விதியின்கீழ் கையெழுத்திட்டுத் திரும்பினார்கள். வாக்குப் பொத்தானில் நோட்டா வருவதற்கு முந்தைய காலம் அது. அதிகாரியின் முன்னால் பெயர் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு நெஞ்சுறுதி வேண்டும்.

எல்லைக்கோடுகளைத் திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய ஏற்பாட்டைத் திருத்தாமல் விட்டதால்தான் இன்வெர்னஸில் நான்கு பேர் அரசாண்டார்கள். மக்கள் பெருகிய இடத்தில் குரலும் பெருக வேண்டும், அது நியாயம். ஆனால் எண்ணிக்கை ஒன்றே அளவுகோல் என்பதை ஸ்காட்லாந்தே ஏற்கவில்லை. 1999இல் அவர்களுக்குச் சொந்த நாடாளுமன்றம் வந்தபின், 2005 தேர்தலில் லண்டனில் அவர்களுடைய இடங்கள் 72இலிருந்து 59ஆகக் குறைந்தன, 2024இல் 57ஆயின. அப்படிக் குறைக்கும்போதும் மேற்குத் தீவுகளையும் ஓர்க்னி ஷெட்லாந்துத் தீவுகளையும் தொடக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். மற்ற தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் ஏறக்குறைய எழுபதாயிரம் வாக்காளர்கள் இருக்க, கேலிக் பேசும் மேற்குத் தீவுகளின் தொகுதியில் இருபத்தோராயிரம் பேர்தான். தனி மண், தனி மொழி, தனி வாழ்க்கை என்பதை அங்கே ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை 1976இல் நிறுத்திவைத்தார்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காகவே குரலை இழக்கக் கூடாது என்பது காரணம். 2001இல் வந்த 84ஆம் திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. கர்நாடகத்தின் 28, தமிழ்நாட்டின் 39 என்ற எண்கள் அப்படி நின்றவைதான். அடுத்த கணக்கை வெறும் தலை எண்ணும் வேலையாகச் செய்தால் தென்னிந்தியாவுக்கு அது அநீதி. இதை நான் மைசூரிலிருந்து சொல்வதும் ஒரு நண்பர் மதுரையிலிருந்து சொல்வதும் ஒன்றுதான். காவிரியில் சண்டையிடும் இரண்டு மாநிலங்களும் இந்த ஒன்றிலாவது ஒரே பக்கம் நிற்க வேண்டும்.

கடைசியாகக் கொள்ளேகாலைப் பற்றி ஒரு செய்தி. சந்தேமரஹள்ளியைத் தனக்குள் எடுத்துக்கொண்ட அந்தக் கொள்ளேகால், 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1952 தேர்தலில் அந்தத் தாலுகா மக்கள் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார்கள், 1957இல் பெங்களூருக்கு. ஒரே வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கி, ஒரே சாவடிக்கு நடந்து, இரண்டு மாநிலங்களுக்கு வாக்களித்தவர்கள் அவர்கள். அன்று வாக்களிக்கும் வயது இருபத்தொன்று. 1952இல் முதல் வாக்கைப் போட்டவர்களில் மிகவும் இளையவர்களுக்கும் இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அன்று யாருக்கு வாக்களித்தார், எந்தப் பெட்டியில் போட்டார், சாவடி எங்கே இருந்தது, அந்தத் தொகுதிக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிவையுங்கள். இந்த ஆண்டே கேளுங்கள்.